‘தலை கறங்குது’ என்றால் நோட்டில் என்ன எழுதுவது?

இரவு மூன்று மணி இருக்கும். பெண்கள் வார்டில் ஆறாம் பெட் பாட்டி எழுந்து உட்கார்ந்துகொண்டு, “தலை கறங்குது மக்களே” என்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம். இதற்கு நோட்டில் வழக்கமாக ஒரு வரி விழும்: ‘தலைச்சுற்றல், டியூட்டி டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது.’ பொய் ஒன்றும் இல்லை, தெரிவித்தார்கள்தான். ஆனால் அந்த வரியில் பாட்டியைக் காணோம்.

இதே பாட்டியிடம் இன்னொரு செவிலியர் என்ன செய்வார் என்று பார்ப்போம். பக்கத்தில் போய்க் கையைப் பிடிக்கிறார். ஈரமாக, சில்லென்று இருக்கிறது. நைட்டியின் கழுத்துப் பக்கம் வேர்வையில் நனைந்திருக்கிறது. “ரூம் சுத்துதா பாட்டி, இல்ல கண்ணு இருட்டுதா?” “இருட்டிக்கிட்டு வருது. கை நடுங்குது.” “ராத்திரி என்ன சாப்பிட்டிய?” “ரெண்டு வாய் கஞ்சி. எறங்கல.” மாலை இன்சுலின் வழக்கமான அளவில் போட்டாயிற்று என்று சார்ட் சொல்கிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுகிறார். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்துகிறார்: 83. அப்புறம் பாலும் இரண்டு பிஸ்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்கிறார். காலை ஷிஃப்ட் வந்ததும், “ஆறாம் பெட் பாட்டி ராத்திரி சரியா சாப்பிடல. சாப்பாடு பாதிக்குக் கீழே போனா ஊசி போடுறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க” என்று ஓவர் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இதற்குப் பெயர்தான் நர்சிங் பிராசஸ். தமிழில் செவிலியச் செயல்முறை என்கிறோம். பாடப்புத்தகத்தில் இது ஐந்து படி: நோயாளியைப் பற்றிய விவரங்களைத் திரட்டும் மதிப்பீடு, அந்த விவரங்களிலிருந்து பிரச்சினை இன்னதென்று முடிவுக்கு வரும் செவிலிய நோயறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், கடைசியில் பலன் கிடைத்ததா என்று பார்க்கும் மறுமதிப்பீடு. அந்த இரவில் ஐந்தும் நடந்தன. சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை என்று எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் விதியே இந்தச் செயல்முறையின் சுருக்கம்தான். அதில் இரண்டாவது 15தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொடுப்பதை எல்லோரும் கொடுத்துவிடுவோம். திரும்ப வந்து பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

நர்சிங் படித்தவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது ஒரு பெருமூச்சு. கேர் பிளான் நோட்டு, அதாவது பராமரிப்புத் திட்டம் எழுதும் நோட்டு! நீளவாக்கில் கோடு போட்டு, மதிப்பீடு, நோயறிதல், இலக்கு, செயல், காரணம், மறுமதிப்பீடு என்று கட்டம் கட்டி, இரவு பன்னிரண்டு மணிவரை ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதியது. சீனியர் அக்கா எழுதியதைப் பார்த்து எழுதியது. கடைசிக் கட்டத்தில் எல்லோரும் ஒரே பதிலை எழுதுவோம்: ‘இலக்கு ஓரளவு எட்டப்பட்டது.’ முழுதாக எட்டியது என்றால் மேடம் கேள்வி கேட்பார். எட்டவில்லை என்றால் மார்க் போகும். ஓரளவு என்றால் தொல்லை இல்லை. நோயாளி வியாழக்கிழமையே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருப்பார், வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் நோட்டில் அவருக்கு வலி ஓரளவு குறைந்துகொண்டிருக்கும். நானும் எழுதியவள்தான். பிற்பாடு திருத்துகிற நாற்காலிக்கு வந்தபோது அதே வரியை எத்தனை நோட்டில் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

இந்த முறை பிறந்த கதை நோட்டுக்கு நேர் எதிரானது. 1950களில் அமெரிக்காவில் ஐடா ஜீன் ஆர்லாண்டோ என்ற செவிலியர், வார்டுகளில் செவிலியர்களும் நோயாளிகளும் பேசிக்கொள்வதைப் பக்கத்திலிருந்து கவனித்துக் குறித்துக்கொண்டே போனார். நல்ல பராமரிப்பு எங்கே நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தார். நோயாளி சொன்னதற்கோ செய்ததற்கோ செவிலியர் தானாக ஓர் அர்த்தம் கற்பித்துக்கொண்டு வேலையில் இறங்கிய இடங்களில் காரியம் கெட்டது. ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது, சரிதானா?’ என்று நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்துகொண்ட இடங்களில் தேவை தீர்ந்தது. 1961ல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரம் இது. பிறகு 1967ல் ஹெலன் யூராவும் மேரி வால்ஷும் இதை நான்கு படியாக வகுத்தார்கள். 1973ல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் வெளியிட்ட பணித் தரங்களில் நோயறிதல் தனிப் படியாக இடம்பிடித்து ஐந்தானது. செவிலிய நோயறிதல்களுக்குப் பொதுப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கச் செயின்ட் லூயிஸ் நகரில் முதல் மாநாடு கூடியதும் அதே ஆண்டில்தான். அங்கிருந்து பாடத்திட்டங்களுக்குள் புகுந்து, கடல் தாண்டி, நம் ஊர் நர்சிங் மாணவர்களின் கோடு போட்ட நோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வரும் வழியில் ஆர்லாண்டோவின் ‘சரிதானா?’ எங்கோ நழுவிவிட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த மாவட்டத்துக்கும் செவிலியப் பணிக்கும் பழக்கம் பழசு. நெய்யூரில் லண்டன் மிஷன் 1838லேயே மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் பிறகு வந்து வேலை பார்த்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி 1890களில் முளைத்தது. இன்று ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவர்களின் வீடுகள் மார்த்தாண்டம் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அப்படிப் போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது சொல்வது ஒன்றுண்டு: “அங்க எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்.” நம் ஊரில் நேர் தலைகீழ். செய்திருப்பார்கள், எழுதியிருக்க மாட்டார்கள். கைப்பழக்கத்தில் ஐந்து படியும் ஓடும். கேட்டால், “அதெல்லாம் படிக்கிற காலத்துல எழுதினது சிஸ்டர்” என்பார்கள்.

சரி, முதல் படிக்கு வருவோம். மதிப்பீடு என்றதும் நினைவுக்கு வருவது வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம். இவை கருவி சொல்பவை. நோயாளி சொல்பவை இன்னொரு பக்கம், அங்கேதான் ஊர் உள்ளே வருகிறது. கறங்குதல் என்றால் சுழலுதல், அருமையான பழைய சொல். ஆனால் இங்கே ஒருவர் தலை கறங்குது என்று சொன்னால் அதற்குள் குறைந்தது நான்கு விஷயம் ஒளிந்திருக்கலாம். படுக்கையில் திரும்பும்போது அறையே சுற்றுவது ஒன்று. அது பெரும்பாலும் உள்காது சம்பந்தப்பட்டது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது இன்னொன்று. அதற்குப் படுத்த நிலையில் ஒரு முறை, நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் விடை கிடைத்துவிட்டது. வேர்வையும் நடுக்கமும் சேர்ந்தால் சர்க்கரை. ஒரு பக்கம் இழுப்பது, பேச்சுக் குழறுவது சேர்ந்தால் நின்று யோசிக்க நேரமில்லை, பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ‘தலைச்சுற்றல்’ என்று மொழிபெயர்த்து எழுதிய அந்த நொடியில் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வலியும் இப்படித்தான். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்கச் சொல்லித் தருகிறோம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மறுநாள் படுத்திருக்கும் கடற்கரைக்காரரிடம் கேட்டுப்பாருங்கள். “ஒண்ணுமில்ல” என்பார். எதிர்ப் படுக்கையில் மருமகன் இருந்தால் நிச்சயமாக ஒண்ணுமில்லைதான். அவரிடம் எண் கேட்டுப் பயனில்லை. “ஒரு தடவை இருமுங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். இருமாமல் தொண்டையைச் செருமி ஏமாற்றினால் அவருக்கு வலி இருக்கிறது, சளி தேங்கப்போகிறது, இரண்டு நாளில் காய்ச்சல் வரலாம். “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?” என்பது இன்னொரு நல்ல கேள்வி. பத்துக்கு எத்தனை என்பதை விட இது நிறையச் சொல்லும்.

கூட நிற்பவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் வார்டுகளில் நோயாளியின் பாதி விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் நோயாளிக்கான பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள். மகளை டீ வாங்க அனுப்பிவிட்டு அம்மாவிடம் கேட்டால், மூன்று மாதமாக மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருப்பது தெரியவரும். இதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இரண்டாவது படி, நோயறிதல். அதிகம் சறுக்குகிற இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ‘நோயறிதல் டாக்டர் வேலை, நமக்கென்ன?’ என்ற தயக்கத்தில் பலரும் கேஸ் ஷீட்டில் இருப்பதையே எடுத்து எழுதிவிடுகிறார்கள்: சர்க்கரை நோய், பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு. இவையெல்லாம் நோய்கள். அந்த நோய் இந்த ஆளிடம் என்ன செய்கிறது, அதில் செவிலியர் தன் பொறுப்பில் எதைச் சரிசெய்ய முடியும் என்பதுதான் செவிலிய நோயறிதல். பக்கவாதம் வந்த மூன்று பேர் ஒரே வார்டில் இருக்கலாம். ஒருவருக்கு விழுங்கும்போது புரையேறுகிறது. ஒருவருக்குப் பேச்சு வரவில்லை, அந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிடுகிறார். மூன்றாமவர் எழுந்து நடந்துவிடலாம் என்ற தைரியத்தில் இருக்கிறார், ராத்திரி விழப்போகிறார். டாக்டரின் சீட்டில் மூவருக்கும் ஒரே பெயர். செவிலியரின் தாளில் மூன்று வேறு பெயர்கள்.

எழுதும் முறையும் எளிதுதான்: பிரச்சினை, அதன் காரணம், அதற்கான அடையாளம். ‘விழுங்குவதில் சிரமம், இடப்பக்கத் தசைத் தளர்ச்சி காரணமாக, தண்ணீர் குடித்ததும் இருமல் வருவதும் குரல் ஈரமாக மாறுவதும் அடையாளம்.’ காரணத்தைச் சேர்த்து எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்பது அதிலிருந்தே கிளம்பி வரும். ‘தூக்கமின்மை’ என்று மட்டும் எழுதினால் தூக்க மாத்திரை நினைவுக்கு வரும். ‘பக்கத்துப் பெட் மானிட்டர் சத்தத்தால் தூக்கமின்மை’ என்று எழுதினால் பெட்டை மாற்றத் தோன்றும். இன்னும் வராத ஆபத்தையும் நோயறிதலாக எழுதலாம்: விழுந்துவிடும் அபாயம், தொற்று வரும் அபாயம். வராததற்கு அடையாளம் இருக்காது, காரணம் மட்டும் எழுதினால் போதும்.

திட்டமிடலில் எது முதல் என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. மூச்சு, ரத்த ஓட்டம், அப்புறம் மற்றவை. அதற்கு மேல் எது முக்கியம் என்று நோயாளியிடம் கேட்டுவிடுவது நல்லது. நாம் வலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் நான்கு நாளாக வெளிக்குப் போகாததைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்.

இலக்கு எழுதுவதில்தான் மாவட்டம் மறுபடியும் குறுக்கே வருகிறது. சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கும் உணவுத் தாளை எடுத்துப் பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்து மங்கிப்போயிருக்கும். காலை ஓட்ஸ், இரவு சப்பாத்தி. வீட்டில் மதியத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடுகிறவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். மரச்சீனி முழுக்க மாவுச்சத்து, சோற்றுக்குக் குறைந்ததல்ல என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். கிழங்கைப் பாதியாக்கி மீனையும் கீரையையும் கூட்டுங்கள், கிழங்கு சாப்பிடுகிற வேளையில் சோறு வேண்டாம் என்று சொன்னால் அது நடக்கிற காரியம். கருப்பட்டியைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும். சீனியை விட்டுவிட்டேன் சிஸ்டர், கருப்பட்டிக் காப்பிதான் என்று பெருமையாகச் சொல்பவர்கள் நிறைய. கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். ஊரின் பெருமையில் கை வைக்கிற பேச்சு, பக்குவமாகத்தான் சொல்லவேண்டும்.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு எழுவீங்க?” குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும் முன்னே தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை’ என்று இருக்கும். நான்கு மணிக்கு ஒரு கட்டன் சாயாவோடு அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், காலை உணவு ஒன்பது மணிக்கு. நடுவில் ஐந்து மணி நேரம், வெறும் வயிறு, மரத்துக்கு மரம் நடை. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்குகிற மாத்திரையாக இருந்தால் ஏழு மணிக்குத் தோட்டத்தில் தலை கறங்கும். மாத்திரை சரி, அளவும் சரி. ‘காலை’ என்ற சொல்தான் தப்பு. மாத்திரையை ஒன்பது மணிச் சாப்பாட்டோடு மாற்றலாமா என்று செவிலியர் டாக்டரிடம் கேட்டு, சீட்டில் மணியையே எழுத வைத்தால் ஒரு மயக்கம் மிச்சம்.

குளச்சல், முட்டம் கடற்கரையில் இதே கதை காலில் நடக்கும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போன மீனவரிடம் ‘எப்போதும் செருப்பு அணியவும்’ என்பது இலக்கு. வள்ளத்தில் செருப்போடு நிற்க முடியாது, வழுக்கும். மணலில் வலை இழுக்கும்போதும் முடியாது. அவரோடு உட்கார்ந்து பேசினால் வேறு இலக்கு கிடைக்கும்: கரையேறியதும் நல்ல தண்ணீரில் கால் கழுவி விரலிடுக்கைத் துடைப்பது, அங்கிருந்து வீடுவரை செருப்பு, சாயங்காலம் மனைவி உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்ப்பது. அடுத்த முறை வரும்போது ‘காயம் ஏதும் இல்லை’ என்று சரிபார்க்கக்கூடிய இலக்காக அது இருக்க வேண்டும். ‘பாதப் பராமரிப்பு பற்றிய அறிவு மேம்படும்’ என்று எழுதினால் அதை யார், எப்படி அளப்பது?

செயல்படுத்தலைப் பற்றி நீட்டத் தேவையில்லை. செவிலியர்களுக்குக் கைவந்தது அதுதான். டாக்டர் எழுதியதைச் செய்வது ஒரு வகை. பிசியோதெரபிஸ்ட், உணவியலாளரோடு சேர்ந்து செய்வது ஒரு வகை. யாரும் எழுதித் தராமல் தன் முடிவில் செய்வது மூன்றாவது. இந்த மூன்றாவது வகைக்குத்தான் மேலே சொன்ன நோயறிதல் தேவைப்படுகிறது. அது இல்லையென்றால் நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைச் செய்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மறுமதிப்பீட்டில்தான் கதை நிற்கிறது. வலி ஊசி போட்டோம். அரை மணி நேரத்தில் திரும்பிப் போய்க் கேட்டோமா? வாய் வழியாக மாத்திரை என்றால் ஒரு மணி நேரம் கழித்து? காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்த நேரம் சார்ட்டில் இருக்கும், காய்ச்சல் இறங்கிய நேரம் இருக்காது. இதற்குச் செவிலியரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நான் வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்டில் முப்பது பெட்டுக்கு நானும் ஒரு பயிற்சி மாணவியும்தான். அப்போது எனக்கு மறுமதிப்பீடு என்பது விடியற்காலை ஐந்தரை மணிக்கு முப்பது சார்ட்டிலும் ‘இரவு நன்றாகத் தூங்கினார்’ என்று எழுதுவது. அதில் ஒருவர் தூங்கவே இல்லை என்பதைக் காலை ரவுண்ட்ஸில் அவரே டாக்டரிடம் சொல்லக் கேட்டேன்.

இந்த முறையே வீண் சுமை, எழுத்து வேலை என்று சொல்பவர்களும் உண்டு. பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். முப்பது பேருக்கு ஆறு கட்டப் படிவம் யாராலும் எழுத முடியாது. ஆனால் நேரம் குறைவாக இருக்கும்போதுதான் எந்த மூன்று பேரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த மூன்று பேரைப் பொறுக்கித் தருவது இந்த முறைதான். ஓவர் கொடுக்கும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வாக்கியம் போதும்: இவரிடம் நான் பயப்படுவது இதை, நீங்கள் இத்தனை மணிக்கு இதைப் பாருங்கள்.

வார்டைவிட வீட்டில்தான் இது முழுதாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே போகிறார். அங்கே பக்கத்தில் டாக்டர் இல்லை, பெல் அடித்தால் வர ஆள் இல்லை. அவரே பார்த்து, அவரே முடிவெடுத்து, என்ன ஆயிற்று என்று அடுத்த முறை அவரே வந்து பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு வீடு. தேங்காய் வெட்ட ஏறி விழுந்தவர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் மனைவி, “முதுகுல ஒண்ணும் இல்ல சிஸ்டர், டெய்லி பவுடர் போட்டுத் தேய்க்கேன்” என்றார். செவிலியர் அவரைப் பக்கவாட்டில் திருப்பி, வால் எலும்பின் மேல் புறங்கையை வைத்தார். பாடப்புத்தகப் படத்தில் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் வெள்ளைத் தோலில் சிவப்பாக இருக்கும், அழுத்தினாலும் வெளுக்காது. வெயிலில் உழைத்துக் கறுத்த முதுகில் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று தொட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். சூடாகத்தான் இருந்தது.

படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்கப் பிரேடன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1980களில் வந்தது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், படுக்கையில் தானாகப் புரளும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு தலைப்பில் மதிப்பெண் போட்டால் 6 முதல் 23 வரை வரும். 18 வந்தாலே ஆபத்து, அதற்குக் கீழே இறங்க இறங்க அது கூடும். இவருக்கு வந்தது 12. காரணம் தேடினால் தலைமாட்டில் மூன்று தலையணை. டிவி பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. மேல் உடம்பு நிமிர நிமிர இடுப்பு கீழே சரியும். தோல் மெத்தையில் ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு இழுபடும். பவுடர் போட்டுத் தேய்த்ததும் நல்லதற்கு இல்லை. சூடேறிய இடத்தில் தேய்த்தால் உள்ளே ஏற்கெனவே நசுங்கிய சதை இன்னும் கெடும்.

தேய்ப்பதை நிறுத்தினார்கள். தலைமாட்டில் ஒரே தலையணை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த போர்வை. தினம் ஒரு முட்டை, மீன் கிடைக்கிற நாளில் மீன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்றதும் மனைவி, “மணி பாத்துக்கிட்டு இருக்க முடியுமா சிஸ்டர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது வீட்டோடு. செவிலியர் அவருடைய நாளைக் கேட்டு அதன்மேலேயே புரட்டும் நேரங்களை எழுதினார். பால்காரர் வரும்போது வலது. கோயில் மணி அடித்தால் மல்லாக்க. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பினதும் இடது. இப்படியே சாயங்கால சீரியல் வரைக்கும். இரவுக்கு மட்டும் போனில் அலாரம். ஒரு முறை மூத்த மகன் எழுவான் என்று பேசி முடிவானது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு.

பத்து நாள் கழித்துச் செவிலியர் மறுபடி வந்தபோது நோயாளியிடம் போவதற்கு முன் காலண்டரைத்தான் பார்த்தார். கட்டங்கள் கோடுகளால் நிறைந்திருந்தன. முந்தின ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் நான்கு கோடு குறைவு. “அண்ணன் மகளுக்குக் கல்யாணம் சிஸ்டர். காலைல இடது பக்கம் சாச்சு வச்சிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு அக்காட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்” என்றார் மனைவி, குரல் இறங்கி. செவிலியர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், அவரை மெல்ல வலப்பக்கமாகத் திருப்பி, இடது இடுப்பு எலும்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் வால் எலும்பு.